மேட்டுக்குப் போன கார்களும் ராஜினாமா செய்யக்கூடாத தம்பியும்

முடிச்சூர் ரோடு,
மேற்கு தாம்பரம்.
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி எத்திராஜுக்கு,

உன் அக்கா சுப்புலட்சுமி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் மாமாவும் சௌக்கியமாக இருப்பதாக அவரே காலையும் மாலையும் சொல்லிக்கொள்கிறார். அங்கே நீயும் சரிதாவும் குழந்தைகளும் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் தயவில் நன்றாக இருப்பீர்கள் என்றுதான் நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று சரிதா போன் செய்து அழுதாள். அதோடு அந்த நினைப்பு போய்விட்டது.

வருகிற திங்கட்கிழமை நீ வேலையை ராஜினாமா செய்துவிட்டு உன் மாமாவின் கம்பெனியில் சேரப்போகிறாயாமே? உனக்கு என்ன கிறுக்கு பிடித்திருக்கிறதா? கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் குவாலிட்டி சூப்பர்வைசர் என்றால் சும்மாவா? வீட்டு முனையில் வந்து ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ், கேன்டீனில் மதியச் சாப்பாடு, தீபாவளிக்கு போனஸோடு ஒரு ஸ்வீட் பாக்ஸ். இதையெல்லாம் விட்டுவிட்டு நீ எங்கே வரப்போகிறாய் தெரியுமா? எங்கள் வீட்டு மாடியில், துணி காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தகர ஷீட் போட்ட அறைக்கு. உன் மாமா உனக்குத் தருவதாகச் சொன்ன சி.ஓ.ஓ. பதவிக்கு நாற்காலிகூடக் கிடையாது. இருப்பவற்றில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொன்றில் அவருடைய பார்ட்னர் சௌகத் அலி பாய் உட்கார்ந்திருக்கிறார். நீ வந்தால் வாஷிங் மெஷின் மேல்தான் உட்கார வேண்டும், அதுவும் நான் துணி போடாத நேரத்தில்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று ஆச்சரியப்படாதே. என் போன் நம்பரைத்தான் உன் மாமா கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பராகப் போட்டுவைத்திருக்கிறார். கேட்டால், "உன் குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு லட்சுமி" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் குரலைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அதையும் அவர் லேப்டாப்பில் திறந்துவைத்துக்கொண்டு கஸ்டமர்கள் சொல்வதைப் படிக்கிறார். ஆகையால் பள்ளிக்கூட ஆபீசில், பரீட்சைக் கட்டணம் வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு, இதை எழுதுகிறேன். நாளைக்குக் கூரியரில் போடுவேன்.

அவருக்கு நாவலூரில் வேலை போனது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் அடுத்தவர் செய்த சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர். வேலை போனதும் வீட்டில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். ரசத்தில் ஒரு குறை, கொடியில் துணி போடும் வரிசையில் ஒரு குறை. போதாததற்கு எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதியும் வைத்தார். இவர் ஏதாவது ஒரு தொழில் ஆரம்பித்தால் தேவலை என்று நானேதான் வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது என்ன தொழில் என்று சொல்லி வேண்டியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிவியில் புயல் சின்னம் என்று சொன்னால் போதும், முடிச்சூரில் கார் வைத்திருக்கிறவன் எல்லாம் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுவான். அந்தப் பெரிய வெள்ளத்தில் நம் பழைய கார் கூரை வரைக்கும் முழுகியதே, அதற்குள்ளிருந்து ஒரு விரால் மீன் வந்ததே, அன்றிலிருந்து இந்த யோசனை அவர் மனசில் இருந்ததாம். மழை எச்சரிக்கை வந்ததும் நம் டிரைவர் வீட்டுக்கே வருவான், காரை எடுத்துப் போய் மேடான இடத்தில் பத்திரமாக நிறுத்துவான், தண்ணீர் வடிந்ததும் துடைத்து வாசலில் கொண்டுவந்து விடுவான். இதுதான் தொழில். கம்பெனி பெயர் 'மேடு'. சௌகத் பாய் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பதால் டிரைவர்கள் அவர் பொறுப்பு, செயலி உன் மாமா பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்று நான் இங்கே ஒத்துக்கொள்வதை அவரிடம் போய்ச் சொல்லாதே.

கம்பெனி பதிவான அன்றைக்கே சண்டை. இரண்டு பேருமே சி.இ.ஓ. என்று விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார்கள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், "பாய் டீ சாப்பிடுறாரான்னு கேளு" என்று இவர் என்னிடம் சொல்வார், பாய்க்கு அது காதில் விழும், "வேணாம்னு சொல்லிடு தங்கச்சி" என்பார். கடைசியில் நான்தான் பஞ்சாயத்து செய்து, மழை நாளில் உன் மாமா சி.இ.ஓ., வெயில் நாளில் பாய் சி.இ.ஓ. என்று பிரித்துவிட்டேன். இந்த வருஷம் புரட்டாசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. பாய் தினமும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். உன் மாமா காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு, பதவி பறிபோன மந்திரி மாதிரி இறங்கி வருவார்.

மழைக்காக வேண்டுவது என்று ஆரம்பித்தார்கள் பார், அது இன்னொரு கூத்து. உன் மாமா திருநீர்மலை ஏறிப்போய் ரங்கநாதரிடம் நல்ல மழையாகக் கேட்டிருக்கிறார், அதுவும் வாய்விட்டு. பின்னால் வரிசையில் நின்றது எதிர்வீட்டுக் குடும்பம். இந்த வருஷமாவது வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வந்தவர்கள். அன்றிலிருந்து அந்த வீட்டம்மா என்னிடம் கருவேப்பிலைகூடக் கேட்பதில்லை. சௌகத் பாய் நியாயஸ்தர், அவருக்கு மனசு உறுத்தியது. "ஜனங்களுக்குக் கஷ்டம் வர்றத எப்படிம்மா துவாவுல கேக்குறது? அதனால, மழை வரணும், யார் வூட்டுக்குள்ளயும் போகக்கூடாது, ரோட்டுல மட்டும் முட்டி அளவு நின்னுட்டு வடிஞ்சிடணும்னு கேட்டேன்" என்றார். இவ்வளவு விவரமாகக் கேட்டால் யாருக்குத்தான் கொடுக்கத் தோன்றும்?

மழைதான் வரவில்லை, வெள்ளம் வந்தது. ஒரு வெயில் மத்தியானம் உன் மாமா செயலியின் எச்சரிக்கை மணியைச் சோதித்துப் பார்த்தார். சோதனை தனக்கு மட்டும் வர வேண்டியது, பதிவு செய்திருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. 'வெள்ளம் வருகிறது, உடனே காரை நகர்த்தவும்.' மற்ற ஊரில் என்றால் மேலே பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். நம் முடிச்சூர்க்காரர்கள் பட்டவர்கள் அல்லவா, ஏரியைத் திறந்துவிட்டார்கள் போல என்று சொந்தம் பந்தம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். கொளுத்துகிற வெயிலில் மேம்பாலம் முழுக்க கார். குடையோடு சிலர், பிரிட்ஜை மாடிக்கு ஏற்றிவிட்டு வந்தவர்கள் சிலர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் போன் மேல் போன். ஜன்னலில் ஒரு அம்மா கட்டணத்தை நீட்டிக்கொண்டு நிற்க, நான் காதில் போனை வைத்துக்கொண்டு "சார், இது ஒத்திகை சார், நீங்க ரொம்ப சீக்கிரம் நகர்த்திட்டீங்க, முதல் பரிசு உங்களுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒத்திகை என்ற யோசனை அந்த நிமிஷம் எனக்கு எங்கிருந்து வந்ததோ! திட்ட வந்தவர்கள் எல்லாம் தாங்கள் எத்தனாவது இடம் என்று கேட்டு வைத்தார்கள். ஹெச்.எம். மேடம் கூப்பிட்டு, இனி ஆபீசில் போன் பேசினால் நடப்பது வேறு என்றார்.

நடுவில் முதலீடு கேட்டு நாவலூருக்கும் போய்வந்தார்கள். ஜெயப்ரியா என்று ஒரு அம்மா, சின்னக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர். உன் மாமா என்னை முன்னால் உட்காரவைத்து வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தார். நான் தோசை மாவு கரைத்துக்கொண்டே கேட்டேன். அங்கே போனதும் அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "மழை இல்லாத மாசத்துல உங்க கம்பெனி என்ன செய்யும்?"

"மழைக்காகக் காத்திருக்கும் மேடம்" என்றிருக்கிறார் உன் மாமா.

அந்த அம்மா நல்ல காபி கொடுத்து அனுப்பிவைத்தார். நான் போயிருந்தால், மழையில்லாத மாசத்தில் வெளியூர் போகிறவர்களின் காரைப் பார்த்துக்கொள்வோம், வெளிநாட்டில் பிள்ளைகளிடம் போகிற பெரியவர்களின் காரை வாரம் ஒருமுறை ஓட்டிவைப்போம் என்று சொல்லியிருப்பேன். தாம்பரத்தில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு கார் பேட்டரி செத்துக் கிடக்கிறதே. ஆனால் எனக்கென்ன வந்தது? நான் பள்ளிக்கூட ஆபீஸ்காரி.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு நீ திங்கட்கிழமை உன் தொழிற்சாலைக்கு ஒழுங்காக பஸ் ஏறிப் போக வேண்டும்.

கார்களை நிறுத்த மேடான இடம் வேண்டுமே. திருநீர்மலை போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம், பின்னால் பெரிய மைதானம், எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காது. மண்டபத்து மேனேஜர் சுப்பராயலுவோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். "மழை நாள்ல எவன் கல்யாணம் வைப்பான், இடம் சும்மாதான கிடக்கும்" என்று உன் மாமா பெருமையாகச் சொன்னார். ஐப்பசியும் கார்த்திகையும் என்ன மாசம் என்று அந்த இரண்டு சி.இ.ஓ.க்களில் ஒருவருக்காவது தோன்றியதா? என் சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தால் முகூர்த்த நாளெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அடைமழையும் முகூர்த்தமும் நம் ஊரில் ஒன்றாகத்தான் வரும். ஐந்து காரில் ஜி.பி.எஸ். மாட்டத் தெரிந்தவருக்கு ஒரு காலண்டர் பார்க்கத் தெரியவில்லை.

வியாழன் மத்தியானம் மெய்யாகவே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டதால் நானும் வீட்டில் இருந்தேன். மாடியில் இருந்து "நான் சி.இ.ஓ.!" என்று ஒரு கூச்சல். டிரைவர்கள் கிளம்பினார்கள், கார்கள் வரிசையாக மேட்டுக்குப் போயின, எனக்கே கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் காபி போட்டேன், போன் அடித்தது. பக்கத்துத் தெரு எட்மண்ட் சார். ரிட்டையரானவர், வெள்ளைக் காரைத் தினமும் துடைத்து உறை போட்டு வைத்திருப்பவர், அதன் மேல் காக்காய் உட்கார்ந்தால் காக்காய்க்கு உபதேசம் செய்கிறவர்.

"அம்மா, உங்க ஆப்ல என் கார் எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"பார்க்கிங்ல பத்திரமா இருக்கும் சார்."

"இல்லம்மா. என் கார் நடந்து போகுதும்மா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "கொஞ்ச தூரம் போகுது, நிக்குது. மறுபடி கொஞ்ச தூரம் போகுது. இப்ப ஒரு பிள்ளையார் கோயிலைச் சுத்துது. நான் கிறிஸ்தவன்மா!"

மேனேஜரைக் கூப்பிட்டால் போனில் பேண்டு வாத்தியம்தான் கேட்கிறது. உன் மாமாவும் பாயும் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் எட்மண்ட் சாரை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, அவர் குடை பிடிக்க, நான் கிளம்பினேன். வழி முழுக்க அவர், "போலீசுக்குப் போவேன், உங்க கம்பெனிய மூடிடுவேன்" என்கிறார், நான் "குடையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் பிடிங்க சார், கண்ணு தெரியல" என்கிறேன்.

போய்ச் சேர்ந்தால் தெருவை அடைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு. நடுவில் எட்மண்ட் சாரின் கார். ரோஜாப்பூ பந்தல் போல மேலே, முன்னால் மல்லிகைச் சரம், பின்கண்ணாடியில் தெர்மகோலில் மணமக்கள் பெயர். உள்ளே கோட்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. விஷயம் இதுதான்: அவர்களுடைய கார் பெருங்களத்தூர் தண்ணீரில் நின்றுவிட்டது, பூ ஜோடிக்கிறவர்கள் மைதானத்தில் பளபளவென்று நின்ற வெள்ளைக் காரைப் பார்த்து, மண்டபத்துக் கார் என்று நினைத்து ஜோடித்துவிட்டார்கள். நம் டிரைவர் தீனாவைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னா மேடம் நீங்க? பட்டு வேட்டி கட்டிகினு, சந்தனம் வச்சிகினு, தட்டுல வெத்தலப் பாக்கோட வந்து சாவி கேட்டாங்க. தட்டோட வந்தா எப்டி மேடம் இல்லன்றது?"

அதுவும் நியாயம்தான். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எட்மண்ட் சார் காருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். காரை நிறுத்தி மாப்பிள்ளையை இறக்கு என்றார். பெண்ணின் அப்பா கைகூப்பி, ஊர்வலத்தின் நடுவில் மாப்பிள்ளையை இறக்கினால் என்ன ஆகும் என்று அழ ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அத்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "சார், உங்க காரை வேற யாரும் ஓட்டுறதுதான உங்களுக்குப் பிடிக்கல? நீங்களே ஓட்டுங்க" என்றேன்.

நம்ப மாட்டாய். ஓட்டிக்கொண்டிருந்த கல்யாண வீட்டு ஆளை இறக்கிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். யாரோ அவர் தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போட்டார்கள். கியரைப் போட்டு, பேண்டு செட்டின் தாளத்துக்கு அப்படியே மிதக்கவிட்டார் பார், எத்திராஜ், அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மண்டபத்தில் அவரை மேடையேற்றி மணமக்களோடு படம் எடுத்தார்கள். பந்தியில் அவருக்கு இரண்டாவது முறை பாதாம் அல்வா. மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கும் அவரே காரோடு நின்றார். செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'காரும் நானும் மிகவும் மகிழ்ந்தோம்' என்று எழுதியிருக்கிறார்.

மற்றவர்கள் விஷயம் அப்படி முடியவில்லை. ஒருவர் கார் டிக்கியில் சீர்வரிசை அதிரசம் ஒரு கூடை, அதைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். இன்னொருவர், தெருவில் தண்ணீரே வராததால் காசைத் திருப்பிக் கொடு என்று மூன்று நாளாகச் சண்டை. "குடை எடுத்துட்டுப் போன அன்னைக்கு மழை பெய்யலன்னா குடைக்கடைக்காரன்கிட்ட காசு கேப்பீங்களா சார்?" என்று கேட்டேன். காசு கேட்டதை விட்டுவிட்டு, அடுத்த மழைக்கும் இப்போதே பதிவு செய்துகொள்ளச் சொன்னார். இதையெல்லாம் நான் சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்குத் தலைவலி.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உட்காரவைத்து, இந்த மழைக்காலத்தோடு மேட்டை மூடிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது, இன்னொரு குடும்பத்தையும் இதில் இழுத்துவிட எனக்கு மனசில்லை. உன் மாமா லேப்டாப்பை மூடி வைத்தார். பாய் "தங்கச்சி சொன்னா சரிதான்" என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் நான் கீழே இறங்கிவந்துவிட்டேன். நமக்கெல்லாம் இது சரிப்படாது தம்பி. மாசம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, அதுதான் நிம்மதி. உன் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. சரிதாவை அழவைக்காதே.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். சரிதாவுக்கு என் அன்பு. நீ நீண்ட ஆயுளோடும், இப்போது இருக்கிற அதே வேலையோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த ரங்கநாதரையே வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அக்கா,
சுப்புலட்சுமி

பி.கு.: புதன்கிழமை. கூரியருக்குக் கொடுக்குமுன் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வங்கக் கடலில் புதிதாகப் புயல் சின்னமாம். காலையில் நாவலூரில் ஒரு பெரிய குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டு, அவர்கள் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் இருக்கிற கார்களையெல்லாம் நாளைக்கே மேட்டுக்கு ஏற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது, கம்பெனியை மூடுகிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தனை கார் சார்?" என்று கேட்டுவிட்டேன். முகூர்த்தம் இல்லாத நாளா என்று காலண்டரையும் பார்த்துவிட்டேன். ஹெச்.எம். மேடத்திடம் லீவு கேட்டேன், பரீட்சை நேரத்தில் கிடையவே கிடையாது என்றார். அப்படியும் எழுதிக் கொடுத்துப் பார்ப்போம் என்று லீவு லெட்டர் எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதி முடித்துப் படித்தால் ராஜினாமாவாக இருந்தது. கிழிக்க மனசு வரவில்லை. கொடுத்துவிட்டேன். எத்திராஜ், பயமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் வருகிறது. நீ திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இது கையில் கிடைத்த உடனே எழுதிக் கொடுத்துவிட்டு ரெயின்கோட்டோடு வா. சரிதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் மாமாவிடம் மட்டும் வாயைத் திறக்காதே, அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால், கையில் இருக்கிற நல்ல வேலையை இப்படியா விடுவது என்று எனக்குப் புத்தி சொல்ல வந்துவிடுவார்.